கடைசி சீட்டில் அத்தை

என்னால் ஓர் இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க முடியாது. ஹோட்டலில் சாப்பாடு இலையில் விழும்போதே கை கழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன். கல்யாண வீட்டுக்குப் போனால் தாலி கட்டுவதற்கு முன்பே தாம்பூலப் பை எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிடுவேன். இதை நான் ரொம்ப காலம் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. (அதை இங்கே எழுத முடியாது.)

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் எண்ணி லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை. ஆறு லாரி வரிசையில் நின்றாலும் ஒரு பண்டல் கூடாமல் குறையாமல் எண்ணி அனுப்புவேன். எண்ணிக்கையில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று எனக்கு ஒரு கர்வம். என் வீட்டுக்காரர் செல்வம், மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் முன்னால் மத்தியானம் வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, அவரைவிட ஒரு படி மேல். ஒரு டம்ளர் காப்பியை முக்கால் மணி நேரம் குடிப்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் போய் விழுந்திருந்தேன்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் இடையில் அறுபது கிலோமீட்டர்தான். ஆனாலும் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போடுகிற எங்களுக்குக் கடல் என்றால் ஒரு பைத்தியம் உண்டு. அந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை தூத்துக்குடிக்கு ஒரு நாள் சுற்றுலா என்று நான்தான் கிளப்பிவிட்டேன். நாங்கள் மூன்று பேர், என் அக்கா வீட்டில் நான்கு பேர், எதிர்வீட்டில் ஆறு பேர். ஆக மொத்தம் பதிமூன்று. வேன் பேசியாயிற்று. ஓட்டுவதற்கு அந்தோணி அண்ணாச்சி.

நான் ஒரு அட்டவணை போட்டேன். உப்பளம், காலைச் சாப்பாடு, மாதா கோயில், மீன்பிடித் துறைமுகம், கடற்கரை, மக்ரூன் கடை என்று ஆரம்பித்து மொத்தம் பதினான்கு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடம். அதைக் கம்பெனி பிரிண்டரில் நான்கு பிரதி எடுத்து, ஒன்றை வேனின் முன்கண்ணாடியில் ஒட்டினேன்.

அந்தோணி அண்ணாச்சி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தங்கச்சி, இதுல ஒண்ணுக்குப் போகறதுக்கு நேரம் போடலையே" என்றார்.

"அது காலைச் சாப்பாட்டுல சேர்ந்துரும் அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இனி, நான் செய்த முதல் பாவம். அத்தை விடியும் முன்னே எழுந்து பதிமூன்று பேருக்கும் புளிசாதம் கிண்டி, கத்தரிக்காய் வதக்கி, முட்டை அவித்து ஐந்து அடுக்குக் கேரியரிலும் ஒரு தூக்குவாளியிலும் அடைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். சாப்பாடு கொண்டு போனால் என்ன ஆகும்? நிழல் தேட வேண்டும். பாய் விரிக்க வேண்டும். எல்லாரும் வட்டமாக உட்கார்வார்கள். உட்கார்ந்தால் கதை பேசுவார்கள். ஒரு மணி நேரம் போய்விடும், மூன்று இடம் குறைந்துவிடும். ஆகவே, அத்தை சேலை மாற்றப் போன நேரத்தில் கேரியரையும் வாளியையும் எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

எட்டயபுரம் தாண்டியதும் அத்தை கேட்டார்: "கேரியர் எங்கட்டி இருக்கு? சாயாம வச்சியா?"

நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயய்யோ அத்தை, மறந்துட்டேனே" என்றேன். (நாடகத்தில் சேர்ந்திருக்கலாம். அவ்வளவு நன்றாகச் செய்தேன்.)

அத்தை என்னைத் திட்டவில்லை. எழுந்து, ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்க் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். மெரூன் கலர் சேலை முந்தானையைத் தலையில் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அது ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது. பேசாதவர்களுக்கு நேரம் ஆகாது அல்லவா?

உப்பளத்தைப் பத்து நிமிடம் என்று போட்டிருந்தேன். வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரிந்ததும், "எல்லாரும் இடது பக்கம் பாத்துக்கோங்க, அதான் உப்பு" என்று சொல்லி வண்டியை நிறுத்தாமலே கடந்தோம். பத்து நிமிடம் லாபம். காலைச் சாப்பாட்டில் அக்காவின் பெரிய மகன் இரண்டாவது தோசையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வண்டி ஏறினான். மாதா கோயிலில் எதிர்வீட்டு அக்கா மெழுகுவத்தி வாங்கி வருவதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அவர் அதைக் கொளுத்தாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளில் இருந்து கூடை கூடையாக மீன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏலம் போடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"இந்த ஒரு கூடை யாருக்குப் போகுதுன்னு மட்டும் பாத்துட்டு வாரேன்" என்றார்.

"நீங்களா வாங்கப் போறீங்க? வாங்க."

வந்தார். அவருடைய கழுத்து மட்டும் கொஞ்ச தூரம் பின்பக்கமே திரும்பியிருந்தது.

இந்த இடத்தில் விசிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்களைச் சேர்ப்பதற்கு என்று நான் ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் மாதிரி. ஒரு ஊதல் ஊதினால் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு ஊதினால் வண்டியில் இருக்க வேண்டும். இருபத்தாறு வயசில் எனக்கு இது கொஞ்சமும் கேவலமாகத் தோன்றவில்லை.

கடற்கரைக்குப் பத்து மணிக்கு வந்தோம். வெயில் ஏறியிருந்தாலும் காற்று நன்றாக இருந்தது. தண்ணீரில் விழுந்து கெட்டுப்போகும் என்று எல்லாருடைய செல்போனையும் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். (போன் கையில் இருந்தால் நின்று நின்று படம் எடுப்பார்கள் என்பதுதான் நிஜமான காரணம்.) அத்தை தன்னுடைய பட்டன் போனை என் கையில் கொடுக்காமல் செல்வத்திடம் கொடுத்து, அவர் அதை என்னிடம் கொடுத்தார். பிறகு சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரோடும் சேராமல் தண்ணீர் ஓரமாகத் தூரமாக நடந்து போனார்.

நாற்பத்தைந்து நிமிடம் என்று அட்டவணையில் இருந்தது. நான் முப்பதாவது நிமிடத்தில் இரண்டு ஊதல் ஊதிவிட்டேன். பிள்ளைகள் முக்கால் நனைந்து, மணலோடு ஓடி வந்தார்கள். வேன் நிறுத்தும் இடத்தில் எங்களுடையது மாதிரியே வெள்ளை வேன்கள் ஐந்தாறு நின்றன. எல்லாவற்றிலும் அதே நீலத் திரை. நான் எங்கள் வேனின் வாசலில் நின்றுகொண்டு, கம்பெனியில் பண்டலைத் தொடுவது போல ஒவ்வொரு தலையாக விரலைக் காட்டி எண்ணினேன். என்னோடு சேர்த்துப் பதிமூன்று. கடைசி சீட்டில் மெரூன் கலர் சேலை, தலையில் முந்தானை, ஜன்னல் பக்கம் திரும்பிய முகம். நமக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டாரே என்று மனசுக்குள் அத்தையைப் பாராட்டினேன்.

"ரைட் அண்ணாச்சி."

மக்ரூன் கடையில் நான் யாரையும் இறங்க விடவில்லை. நானே இறங்கி, நானே வாங்கி, ஆளுக்கு இரண்டு என்று கொடுத்துக்கொண்டே பின்னால் போனேன். முந்திரி வாசனையோடு, வாயில் வைத்தால் கரைகிற அந்தக் கூம்புகளுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அக்கா வீட்டு அத்தான் சொன்னார். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே வண்டி கிளம்பிவிட்டது. கடைசி சீட்டுக்கு நான் கையை நீட்டினேன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வந்து இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

நான் செல்வத்திடம் போய் ரகசியமாகச் சொன்னேன்: "அத்தைக்குக் கோவம் தணிஞ்சிட்டு. வாங்கிக்கிட்டாவ."

"பேசுனாவளா?"

"இல்ல. ஆனா வாங்கிக்கிட்டாவ."

அதுவரை மிச்சம் பிடித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு திருச்செந்தூர் போகாம எப்படி?" என்றேன். அட்டவணையில் இல்லாத பதினைந்தாவது இடம். யாரும் பதில் சொல்லவில்லை. பசியில் இருந்தார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அண்ணாச்சியைத் தெற்கே திருப்பச் சொன்னேன்.

போகிற வழியில் எனக்கு மனசு உறுத்தியது. அந்த இரண்டு மக்ரூன் என்னை என்னவோ செய்துவிட்டது. நான் எழுந்து போய்க் கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. முன்னால் பார்த்துக்கொண்டே, வண்டிச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினேன்.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. கேரியரை நான் மறக்கல. வேணும்னேதான் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வந்தேன். நேரம் ஆயிருமேன்னு பயம். எனக்கு எங்க போனாலும் அடுத்த இடத்துக்குப் போகணும்னே மனசு அடிச்சிக்கிது. எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாவ, உன்னைக் கட்டுனவன் பாவம்னு. உங்க புளிசாதம் நல்லாத்தான் இருக்கும் அத்தை. காப்பி குடிக்கதுதான் கொஞ்சம் லேட்டு. மத்தபடி உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தலையை இரண்டு தடவை தடவிக் கொடுத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அத்தை என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

திருச்செந்தூரில் வண்டி நின்றது. மணி பன்னிரண்டே கால். நான் ஒரு ஊதல் ஊதினேன். கடைசி சீட்டில் அசைவு தெரிந்தது. முந்தானை விலகியது. நான் என் வாழ்க்கையில் பார்த்தே இராத ஒரு அம்மா, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு பிடித்தபடி, தூக்கக் கலக்கத்தில் கேட்டார்:

"நாகலாபுரம் வந்துட்டா தாயி?"

அந்த வேனில் பதிமூன்று பேரும் மூச்சு விடாமல் இருந்த ஒரே நேரம் அதுதான்.

அவர் பெயர் வேலம்மாள். நாகலாபுரத்தில் இருந்து மகளிர் குழுவோடு இரண்டு வேன்களில் வந்தவர். அவருக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது. வாந்தி வராமல் இருக்க ஒரு மாத்திரை போட்டிருந்தார். கடற்கரையில் தலை சுற்றியிருக்கிறது. விசில் சத்தம் கேட்டதும் தங்கள் வண்டி கிளம்புகிறது என்று நினைத்து, வெள்ளை வேன், நீலத் திரை, காலியான கடைசி சீட்டு என்று ஏறிக் கண்ணை மூடியவர், நான் மக்ரூன் நீட்டியபோதுதான் பாதிக் கண் திறந்திருக்கிறார்.

"நான் பேசும்போதே நீங்க வேற ஆளுன்னு சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"ரெண்டாவது வண்டியில வந்த யாரோ ஒரு மருமவ, மாமியார்கூடச் சண்டை போட்டுட்டு வந்து புலம்புதுன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் என் பையைத் திறந்து, அதற்குள் இருந்த பதினோரு போன்களில் தன் அம்மாவின் போனை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கடல்கிட்ட விட்டுட்டு வந்திருக்க, ஜெயா."

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

எதிர்வீட்டு அண்ணன் போலீஸுக்குச் சொல்லலாமா என்றார். என்னவென்று சொல்ல? ஆள் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆள்தான் வேறு என்றா? அத்தைக்கு யாருடைய நம்பரும் மனப்பாடம் இல்லை. தன் நம்பரும் தெரியாது. வேலம்மாளின் போன் அவர்களுடைய வேனில் சார்ஜில் கிடந்தது. கடைசியில் அவருடைய சுருக்குப் பையில் இருந்து, நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகனின் நம்பர். கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சாத்தான் போனைக் கையில கொடுப்பாவ" என்றார் வேலம்மாள்.

யாரும் கோயிலுக்குள் போகவில்லை. வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினோம்.

அந்த நாற்பது நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அத்தை தண்ணீர் ஓரமாகத் தூரமாக நடந்து போனது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? செருப்புகூட எங்கள் வேனில்தான் கிடந்தது. அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் வேகமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வேகமாகப் போக முடியவில்லை. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தாலே வேலம்மாள் என் தோளைத் தட்டுவார். "தாயி, வருது." நிறுத்துவோம். நான் இறங்கி அவர் தலையைப் பிடித்துக்கொள்வேன். தண்ணீர் கொடுப்பேன். அவர் ஒரு புளியமரத்தடியில் கொஞ்சம் காற்று வாங்குவார். "அவசரமில்ல, மெதுவாப் போவோம்" என்பார். காலையில் மெழுகுவத்தி கொளுத்தவும் நேரம் கொடுக்காத நான், ஆறுமுகநேரியில் ஒரு தடவை, அதைத் தாண்டி ஒரு தடவை, ஆத்தூர்ப் பாலத்துக்கு முன்னால் ஒரு தடவை ரோட்டோரத்தில் நின்றேன். வேனுக்குள் இருந்து பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆத்தூர்ப் பாலத்தில் திருப்பூர்க்காரர் திரும்பக் கூப்பிட்டார்.

"யாருங்க, பத்து தடவை கூப்பிட்டிருக்கீங்க?"

"தம்பி, உங்க அம்மா எங்க வண்டியில இருக்காவ."

"எங்க அம்மாவை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? உங்களுக்கு என்ன வேணும்?"

நான் உளறுவதைப் பார்த்து வேலம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஏலே, நான்தாம்ல. நல்லாத்தான் இருக்கேன். மக்ரூன் வாங்கிக் கொடுத்தாவ. தனலட்சுமி நம்பரைச் சொல்லு" என்றார். தனலட்சுமி அந்தக் குழுவின் தலைவி. நம்பர் வந்தது. போட்டோம். செல்வம்தான் பேசினார், ஸ்பீக்கரில்.

"அக்கா, கோவில்பட்டியில இருந்து வந்தோம். எங்க அம்மாவைக் கடற்கரையில..."

"உங்க அம்மாவா? இங்கனதான் இருக்காவ. எண்ணிக்கை குறைஞ்சா மருமவ வண்டியை எடுக்க மாட்டா, அதனால எங்க வேலம்மா உங்ககிட்டத்தான் இருக்கும்னு அவியதான் சொன்னாவ. பேசுதீங்களா?"

போன் கை மாறும் சத்தம். தூரத்தில் அத்தையின் குரல். பிறகு தனலட்சுமியே மறுபடி வந்தார்.

"கை எச்சியா இருக்காம். மீன்ல முள் அதிகமாம். சாப்பிட்டுட்டுப் பேசுதாவளாம்."

செல்வம் போனை வைத்துவிட்டுப் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேலம்மாள் எனக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்.

கடற்கரைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. நீளப் பெஞ்சில் நாகலாபுரத்துப் பெண்கள் இருபது பேருக்கு நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தார். இலையில் சீலா மீன் குழம்பு, பொரித்த மீனின் நடுமுள். சேலை முழங்கால் வரை நனைந்து காய்ந்திருந்தது. காலில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை எட்டு மாதத்தில் நான் பார்த்ததில்லை. அவர்களோடு சேர்ந்து படகில் ஒரு சுற்றுப் போயிருக்கிறார். அலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். மாங்காய் பத்தை தின்றிருக்கிறார். எங்கள் பதிமூன்று பேரில் அன்றைக்குத் தூத்துக்குடியைப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "இவதான்" என்றார். இருபது பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஏற்கெனவே நிறையச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

"அத்தை, விசில் ஊதுனேனே, கேட்கலையா?"

"கேட்டுச்சு."

"பிறகு ஏன் வரல?"

"விசில் அடிச்சா வாரதுக்கு நான் என்ன வாத்தா? ஆள் வந்து கூப்பிடட்டும்னு நின்னேன். நீ என்னடான்னா என் கண்ணு முன்னாலயே ரைட் கொடுத்துட்டுப் போற."

நான் அவர் காலைத் தொடாத குறையாகக் குனிந்து செருப்பை வைத்தேன். அந்த நேரம் பார்த்து வேலம்மாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் மேல் இருந்த நல்லெண்ணத்தில் ஆரம்பித்தார். "திட்டாதீங்கக்கா. மனசுல ஒண்ணும் கிடையாது அந்தப் பிள்ளைக்கு. வரும்போது எல்லாத்தையும் சொல்லி அழுதுச்சு. கேரியரை வேணும்னேதான் கட்டிலுக்கு அடியில..."

நான் கண்ணைக் காட்டினேன். கையைக் காட்டினேன். அவர் ஒன்றையும் விடாமல், காப்பி விஷயம் உட்பட, முழுசாகச் சொல்லி முடித்தார்.

கொட்டகையில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அத்தை மீன் முள்ளை இலை ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கட்டிலு?"

"நம்ம ரூம் கட்டில் அத்தை."

"புளிசாதம் கெடாது. முட்டை நாறிருக்கும்."

அவ்வளவுதான். திட்டு வரும் என்று குனிந்து நின்ற என் முதுகு நிமிர வழி தெரியாமல் நின்றது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "நான் சாயங்காலம் வரைக்கும் இந்தக் கடற்கரையை விட்டு எங்கயும் வர்றதா இல்ல. வேற எடம் பாக்கணும்னு ஆசைப்படுதவிய போயிட்டு வாங்க."

அட்டவணையில் இன்னும் எட்டு இடம் பாக்கி இருந்தது. நான் திரும்பி எங்கள் கூட்டத்தைப் பார்த்தேன். செல்வம் ஏற்கெனவே இலை போடச் சொல்லிவிட்டார். அக்காவின் பெரியவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு அக்கா, மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டு வருகிறேன் என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அந்தோணி அண்ணாச்சி வேனின் முன்கண்ணாடியில் இருந்து காகிதத்தைப் பக்குவமாக உரித்து, அதில் வடையின் எண்ணெயை ஒற்றிக்கொண்டிருந்தார்.

நான்கு மணி நேரம் நான் அந்த மணலில் உட்கார்ந்தேன். ஞானம் எதுவும் வரவில்லை, பொய் சொல்லக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் மணலைத் தோண்டினேன். பிறகு அதை மூடினேன். தூரத்தில் நின்ற கப்பல்களை எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். ஏழுதான். எழுந்து நாலடி நடந்தால், வேலம்மாளோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்த அத்தை தலையைத் திருப்பாமலே, "எங்க கிளம்பிட்ட?" என்பார். மறுபடி உட்காருவேன். கால் மரத்துப்போனது. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி வந்தது. எல்லாரும் குடித்து முடித்துவிட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குடித்ததில், என்னுடையது ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. கல்யாணமான பிறகு நான் ஆறிய காப்பி குடித்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது அத்தை கடைசி சீட்டில் உட்காரவில்லை. முன்னால், அண்ணாச்சிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, பெயரைச் சொல்லச் சொன்னார். சொந்த மகனையும் விடவில்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் முட்டை வாசனை எங்களை வரவேற்றது. கட்டிலுக்கு அடியில் நான்தான் படுத்துத் துடைத்தேன்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. அந்த முகம் பார்த்துப் பெயர் சொல்லும் வழக்கம் இன்னும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பஸ் பிடித்தால் ஐம்பது பேரும் பெயர் சொல்லித்தான் ஏற வேண்டும். ஒரு தடவை மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார்கள். அத்தையும் வேலம்மாளும் மாதம் ஒரு நாள் தூத்துக்குடியில் சந்தித்துக்கொள்கிறார்கள். இவர் கோவில்பட்டி பஸ்ஸில் போவார், அவர் எலுமிச்சம்பழத்தோடு விளாத்திகுளம் வழியாக வருவார். காலையில் போய்ப் பொழுது சாய வருவார்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "எங்கயும் போகல, உக்காந்திருந்தோம்" என்பார் அத்தை. ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் வாய் விட்டுக் கேட்டதில்லை. (இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.)

போன வருடம் வேலம்மாளின் பேத்திக்குக் காதுகுத்து. நாங்கள் எல்லாரும் நாகலாபுரம் போனோம். பந்தலில் நுழைந்ததும் வேலம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கூடியிருந்தவர்களிடம் பெருமையாகக் காட்டினார். அவருடைய சொந்த மருமகள் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள்.

"இது எனக்கு அரை நாள் மருமவளா இருந்த பிள்ளை. வாந்தி எடுத்தா தலையைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி கொடுத்து, பெத்த பிள்ளைகூட அப்பிடிப் பார்க்காது. இவளை மாதிரி ஒரு மருமவ கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

பந்தலில் எல்லாரும் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை தாம்பூலத்தட்டில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் வைத்தார். நான் வழக்கம்போல் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தேன்.

"அரை நாள்தானே இவகூட இருந்திய" என்றார்.